கண் திறவாத முகத்துடன் ஐந்து நாட்கள்

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு விழித்தேன். முதலில் தைரொயிட் மாத்திரை ஒன்று, அரைக் குவளை தண்ணீருடன். பிறகு அரை மணி நேரம் எதுவும் உண்பதில்லை. அந்த அரை மணிக்குள் முந்தைய நாளின் குறிப்பை வாசித்துத் திருத்துவேன், கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பேன், நகம் வெட்ட வேண்டுமா என்று பார்ப்பேன். இருபத்தாறு வருடங்களாக யாழ்ப்பாணத்து வைத்தியசாலை ஒன்றில் மருந்தாளராக இருக்கிறேன். இந்த ஒழுங்கு பிசகியதில்லை. அன்றும் பிசகவில்லை. எல்லாவற்றையும் விமானத்தின் ஓரத்து இருக்கையில் இருந்தபடி செய்தேன் என்பது மட்டுமே வித்தியாசம். எந்த ஊரின் ஐந்து மணி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடிகாரம் இன்னும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. கீழே முகில்கள் மட்டும் இருந்தன.

அந்த முகில்களுக்கு மேலே, விமானத்தின் வயிற்றுக்குள், என் பெட்டியில், இரண்டு நூல் சேலைகளுக்கு நடுவே ஒரு முகம் வந்துகொண்டிருந்தது. நீளம் ஒரு முழமும் நாலு விரலும். எடை ஏழு கிலோ நானூறு கிராம். வைத்தியசாலைத் தராசில் நானே நிறுத்தேன். புருஷாமிருகத்தின் முகம் அது. மனித முகமும் சிங்க உடலும் கொண்ட அந்த மிருகம் சிவன் கோயில்களில் சுவாமி ஏறிவரும் வாகனம். உடல் ஏற்கெனவே டென்மார்க்கில் நின்றது. முகம் மட்டும் என்னோடு போனது.

என் அண்ணை யோகநாதன் பிராண்டேயில் இருக்கிறார். காற்றாலைகளின் இறகு செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பழைய தளபாடத் தொழிற்சாலை மண்டபம் ஒன்றைக் கோயிலாக்கி, கோடையில் திருவிழா செய்கிறார்கள். ஆறாம் நாள் திருவிழா அண்ணையின் உபயம். அதற்கென்று இந்த வாகனத்தை யாழ்ப்பாணத்தில் செய்வித்துக் கப்பலில் எடுத்தார். முதல் மாரிக் குளிரிலேயே முகம் நெற்றியிலிருந்து நாடிவரை வெடித்துவிட்டது. மண்டபத்து ஹீட்டரின் வறட்சியைப் புது மரம் தாங்கவில்லை. வெடித்த முகத்தின் மேல் சுவாமியை ஏற்ற முடியாது என்று ஐயர் சொல்லிவிட்டார். சென்ற வருடத் திருவிழாவில் அது நீலத் தறப்பாளுக்குள் நின்றது.

இந்த முறை சிற்பாசாரி, இடிந்துபோன ஒரு தேர்க்கொட்டகையின் கூரை வளையை எடுத்து, நன்றாக உலர்ந்த அந்த இலுப்பை மரத்தில் புது முகம் செய்தார். ஒன்பதாம் திகதி சனிக்கிழமை திருவிழா. பதினோராம் திகதி திங்கட்கிழமை அண்ணைக்கு வலது தோளில் சத்திரசிகிச்சை. அதன் பிறகு ஆயுளுக்கும் பாரம் தூக்கக் கூடாதாம். அதற்கு முன்னர் தூக்கலாமா என்று அண்ணை கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். ஆக, தான் செய்வித்த வாகனத்தைத் தன் தோளில் காவ அவருக்கு ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருந்தது.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உயரமானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. சேலையின் முதல் மடிப்பை விலக்கினார். இரண்டாவதை விலக்கினார். மூன்றாவதை விலக்கியதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். முகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. பார்த்தது என்று சொல்வதும் பிழை. கண்களுக்குள் இன்னும் ஒன்றும் தீட்டியிருக்கவில்லை.

முகத்தின் பின்புறம் நான் ஒட்டிய லேபிளை அவர் கண்டார். மருந்துப் போத்தலுக்கு எழுதுவது போலவே, பெரிய ஆங்கில எழுத்தில் நான்கு வரி: பெயர், மூலப்பொருள், வயது, பயன். சத்தமாக வாசித்தார்.

“வயது: இருநூறு ஆண்டுகளுக்கு மேல். பயன்: கோயில் வழிபாடு. சரிதானா?”

“மிகச் சரி,” என்றேன். சிற்பாசாரியிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்த தகவல் அது.

“அப்படியானால் இதை நான் விட முடியாது. பழைமையான கோயிற் பொருட்களுக்கு அனுமதிக் கடிதம் வேண்டும்.”

மரத்துக்குத்தான் அந்த வயது, முகம் செய்து ஆறு கிழமை கூட ஆகவில்லை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு லேபிளைத் தொட்டுக் காட்டி, “அம்மா, இதை எழுதியது நீங்கள்தானே?” என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக என் லேபிள் எனக்கே எதிராகச் சாட்சி சொன்னது. பழைய மர வேலைப்பாடு தெரிந்த அருங்காட்சியக நிபுணர் ஒருவர் பார்த்து, இது புதியது என்று எழுதித் தந்தால் விடலாம் என்றார். முகத்தைத் திரும்பச் சுற்றியபோது அதே மடிப்புகளில், அதே வரிசையில் சுற்றினார். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வெளியே அண்ணையும் அவருடைய மகள் நிலானியும் நின்றார்கள். அண்ணை என்னைப் பார்க்கவில்லை; தள்ளுவண்டியைப் பார்த்தார்.

“முகம் எங்க?”

“பிடிச்சு வச்சிட்டாங்கள் அண்ணை.”

“என்னெண்டு பிடிச்சவங்கள்? மரம்தானே?”

லேபிளைப் பற்றிச் சொன்னேன்.

“வயசை ஆர் கேட்டது உன்னட்டை?”

“லேபிள் எண்டால் வயசு இருக்கத்தானே வேணும்.”

“எடி, உது என்ன இருமல் பாணி மருந்தே, திகதி போட?”

நிலானி டேனிஷில் ஏதோ சொன்னாள். இருபத்தாறு வயது, ஊராட்சி அலுவலகத்தில் வேலை. தகப்பன் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில்தான் பதில் சொல்வாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். “மாமி உண்மை எழுதினதுக்கு அப்பா ஏசுறார், இது சரியில்லை எண்டு சொன்னனான்,” என்றாள்.

காரில் ஏறினோம். அறுவடை முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன. தூரத்தில் காற்றாலைகள், எந்த அவசரமும் இல்லாமல். பிராண்டேயில் கதவைத் திறந்த அண்ணி என் வெறுங்கையைப் பார்த்தார். “ஆள் வந்திட்டா, முகம் வரேல்லைப் போல,” என்று சொல்லிவிட்டு, தானே சிரித்து, தானே வாயைப் பொத்திக்கொண்டார்.

புதன்கிழமை. ஐந்து மணிக்கு விழித்தபோது வெளிச்சம் எனக்கு முன்பே எழுந்து ஜன்னலில் நின்றது. மாத்திரை, குறிப்பு, கடிகாரம். சாவி கொடுக்கும்போதே நேரத்தையும் மாற்றினேன்: மூன்றரை மணி பின்னால். காலை உணவுக்கு றை மாவில் சுட்ட கறுப்புப் பாண். ஈரச் செங்கல்லின் கனம். மெல்ல மெல்ல ஒரு புளிப்பு வரும். அண்ணி அதற்குக் கட்டைச் சம்பல் வைத்தார். இரண்டும் ஏற்கெனவே அறிமுகமானவை போல நடந்துகொண்டன.

நிலானி ஒன்பது மணியிலிருந்து தொலைபேசியில் இருந்தாள். பழைய மர வேலைப்பாட்டுக்கு ஒரு பெண்மணி இருக்கிறாராம், ஆனால் கோடை விடுமுறையில். திங்கட்கிழமைதான் வருவார். அண்ணை அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை அவர் சத்திரசிகிச்சை மேசையில் இருப்பார்.

“விடுமுறையில எங்க போயிருக்கிறா?” என்று கேட்டேன்.

“எங்கயும் போகேல்லை மாமி. சில்க்போர்க் பக்கத்தில ஒரு பழைய மாளிகை. அங்க போய்ச் சும்மா பழைய கதிரை திருத்துறாவாம்.”

விடுமுறையிலும் அதே வேலையைச் செய்கிறவர் என்றால் நம்பலாம் என்று தோன்றியது. சிற்பாசாரி அனுப்பியிருந்த படத்தை அவருக்கு அனுப்பச் சொன்னேன். இருபத்தொரு நிமிடத்தில் பதில் வந்தது. நிலானி வாசித்தாள்: “இந்த மிருகத்தை எனக்குத் தெரியும். நாளை காலை வாருங்கள்.”

மாலையில் கோயிலுக்குப் போனோம். மண்டபத்தில் கற்பூரமும் பழைய வார்னிஷும் கலந்த வாசனை. அண்ணை தறப்பாளை விலக்கினார். சிங்க உடல், வளைந்த வால், நீட்டிய முன்கால்கள், கழுத்தில் ஒரு சதுரத் துளை. அண்ணை வாகனத்தைக் காவும் முன் வலத் தண்டின் கீழ் தோளை வைத்துப் பார்த்தார். தூக்கவில்லை, வைத்தார், அவ்வளவுதான். அது அவருடைய இடம். நோகிற தோளும் அதுதான்; இறகுகளைத் தேய்த்துத் தேய்த்துப் போன தோள்.

மாலை கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சொன்னார்: “யோகண்ணை, முகம் வராட்டில் நீர் உந்தத் துளைக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நில்லும்.”

“உவற்றை மூஞ்சையைக் கண்டால் சுவாமி இறங்கி ஓடும்,” என்றார் மற்றவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். கோயில் தலைவர் மட்டும் சிரிக்காமல் அருகே வந்தார். “யோகன், வெள்ளி பின்னேரம் ஆறு மணிவரைக்கும் பாப்பம். அதுக்குப் பிறகு குதிரை வாகனத்தைத்தான் இறக்க வேணும். சோடிக்க நேரம் வேணுமெல்லே?”

“ஓம்,” என்றார் அண்ணை. தறப்பாளை இழுத்து மூடினார். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: வெள்ளி, 18.00.

வியாழக்கிழமை விடியலில் புறப்பட்டோம். நிலானி காரை ஓட்டினாள், அண்ணை பின்னால். வயல்களில் இடுப்பளவு மூடுபனி. பசுக்கள் கால் இல்லாமல் நின்றன. ஒரு சுற்றுவட்டத்தில் எல்லா வாகனங்களும் நிறுத்தப்பட்டன. மஞ்சள் விளக்குகள் சுழன்றன. பனிக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று வெளியே வரத் தொடங்கியது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. அதற்கு முடிவு இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு திமிங்கிலம் வயல்வெளியில் நீந்தி வருவது போல, சத்தமில்லாமல், எங்கள் காரின் முகப்பை உரசுவது போல வந்து திரும்பியது.

“இறகு,” என்றார் அண்ணை பின்னாலிருந்து. “ராவிலதான் கொண்டு போறவங்கள். இண்டைக்கு ஏனோ பிந்திட்டுது.”

“நீங்கள் செய்ததோ?”

“அடிப்பக்கம் நாங்கள் தேய்ச்சது.” வலது கையால் காட்டப் போனார், பாதியில் இடது கைக்கு மாற்றினார்.

நாற்பத்திரண்டு நிமிடம் நின்றோம். யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் ஓட்டோ பழுதாகி நின்றால் நாலு நிமிடத்தில் நாற்பது பேர் யோசனை சொல்வார்கள். இங்கே ஒருவர் காரிலிருந்து இறங்கி, கோப்பையில் கோப்பி ஊற்றி, வயலைப் பார்த்துக் குடித்தார். தெருவோரம் ஒரு மேசையில் ஸ்ட்ரோபெரிப் பெட்டிகள். விற்பவர் இல்லை, காசு போட ஒரு தகரப் பேணி மட்டும். நிலானி ஒரு பெட்டி எடுத்து வந்தாள். மூவரும் அதைத் தின்றபடி திமிங்கிலத்தின் வால் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாளிகை செங்கல்லால் ஆனது. சுற்றிலும் அகழி, தண்ணீரில் அதே மாளிகை தலைகீழாக. வாசலில் நின்ற பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். காற்சட்டை முழுக்க மரத்தூள், காதில் பென்சில். பிரிட்டா என்று பெயர் சொன்னார். முதலில் கோப்பியும் ஒரு கேக்கும் தந்தார். அதன் பெயர் கனவுக் கேக்காம். மேலே தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் காய்ச்சி ஊற்றியிருந்தது. மோதகத்தின் உள்ளுடன் ஒரு பஞ்சு மெத்தையில் ஏறிப் படுத்தது போல ஒரு சுவை. தென்னை வளராத நாட்டில் தேங்காய்க்குக் கனவு என்று பெயர் வைத்தது நியாயம் என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு மாளிகையின் சிறிய தேவாலயத்துக்குள் கூட்டிப் போனார். ஓக் மர ஆசனங்கள். கடைசி ஆசனத்தின் பக்கப் பலகையில், முழங்கால் உயரத்தில், அது இருந்தது. சிங்கத்தைக் கண்டிராதவன் செதுக்கிய சிங்க உடல்; விலா எலும்பு தெரிந்தது, வேட்டை நாய் போல. தாடி வைத்த மனித முகம். வால் நுனியில் தேளின் கொடுக்கு. வாய் திறந்திருந்தது, உள்ளே மூன்று வரிசைப் பற்கள். குனிந்து எண்ணினேன். முதல் இரண்டு வரிசையிலும் பதினொன்று, பதினொன்று. மூன்றாவதில் பத்து.

“ஒன்று விழுந்துவிட்டதா?” என்று கேட்டேன்.

பிரிட்டா என்னை உற்றுப் பார்த்தார். “இல்லை. இடம் போதவில்லை. நானும் எண்ணியிருக்கிறேன். இன்னொருவர் எண்ணுவதை இன்றுதான் பார்க்கிறேன்.”

மான்டிகோர் என்றார் அதன் பெயரை. பாரசீகச் சொல், மனிதனைத் தின்னி என்பது அங்கே அதன் பொருள். பாரசீக அரசனின் அவையில் இருந்த கிரேக்க வைத்தியர் ஒருவர் கேள்விப்பட்டு எழுதி வைத்தாராம். வைத்தியர் என்றதும் எனக்குச் சற்று நம்பிக்கை வந்தது. உடனே போய்விட்டது. வைத்தியர்களின் கையெழுத்தை வாசித்துப் பிழைக்கிறவள் நான்.

“எங்கே வாழ்கிறது என்று எழுதினார் தெரியுமா?” என்றார் பிரிட்டா. “இந்தியாவில்.”

அண்ணை நிலானியிடம் மெதுவாக, “பக்கத்திலதான்,” என்றார்.

அதன் பிறகு அந்த மிருகம் பல நூற்றாண்டுகள் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் போனது. மறுமலர்ச்சிக் காலத்தில் பழைய கிரேக்கச் சங்கதி என்றாலே பிரபுக்களுக்குப் பொக்கிஷம். அச்சடித்த விலங்குப் புத்தகங்களில் அதற்கு இடம் கிடைத்தது, குலச்சின்னங்களில் ஏறியது. இத்தாலிய ஓவியர்கள் அழகான பெண் முகத்தையும் கொட்டும் வாலையும் ஒரே உடலில் சேர்த்து வஞ்சகத்தின் உருவமாகத் தீட்டினார்கள். இந்த மாளிகையின் இளம் பிரபு படிக்க இத்தாலிக்குப் போய், திரும்பும்போது ஒரு மாதிரிப் படம் கொண்டுவந்தானாம். உள்ளூர்த் தச்சன் உடலுக்குத் தன் நாயைப் பார்த்தான். முகத்துக்கு மாளிகையின் மேலாளரைப் பார்த்தான் என்று ஊரில் ஒரு கதை.

நான் அந்த உடலைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. ஒரே உருவம், ஒரு பக்கம் போனது மனிதனைத் தின்றது, எங்கள் பக்கம் வந்தது சுவாமியைச் சுமந்தது. எங்கோ ஒரு மணல்வெளியில் இரண்டும் ஒரு தடவை திரும்பி ஒன்றையொன்று பார்த்திருக்குமோ என்று நினைத்தேன். இது அதிலிருந்து வந்ததா, அது இதிலிருந்து போனதா என்று பிரிட்டாவிடம் கேட்டேன். “எனக்குத் தெரியாது,” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

அப்போதுதான் முகத்தின் மேற்பகுதியைக் கவனித்தேன். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு குழிகள். உளி வேலையல்ல, யாரோ கத்தியால் குடைந்தது.

“வேலைக்காரர்கள் செய்தது,” என்றார் பிரிட்டா. “பயத்தில். பிரார்த்தனை நேரத்தில் அது தங்களைப் பார்க்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். கண்ணை எடுத்தால் உயிர் போய்விடும் அல்லவா?”

“எங்களுடையதற்கு இன்னும் கண் வரவில்லை,” என்றேன்.

“வரவில்லை என்றால்?”

விளக்கினேன். சிற்பாசாரி எல்லாவற்றையும் முடிப்பார். கண்மணியை மட்டும் விட்டுவிடுவார். அது கோயிலுக்கு வந்த பிறகு, திரைக்குப் பின்னால், தங்க ஊசியால் ஐயர் திறப்பார். அதுவரை அது வாகனம் அல்ல. வெறும் மரம். யாரும் அதைக் கும்பிட மாட்டார்கள். அதன் மேல் சுவாமியை ஏற்ற மாட்டார்கள்.

பிரிட்டா காதிலிருந்த பென்சிலை எடுத்தார். “கண் திறக்காத ஒன்று ஒரு நாளும் வழிபாட்டில் இருந்திருக்க முடியாது. அப்படித்தானே?”

“முடியவே முடியாது.”

“இதைச் சுங்கத்தில் சொன்னீர்களா?”

நான் சொல்லவில்லை. லேபிளில் அதற்கு ஒரு வரி இருக்கவில்லை.

“நாளை இரண்டு மணிக்கு விமான நிலையத்துக்கு வருகிறேன்,” என்றார் பிரிட்டா. “ஆனால் மரத்தையும் நான் பார்க்க வேண்டும். வெட்டு பழையதாக இருந்தால், உங்களுக்காகப் பொய் எழுத மாட்டேன்.”

வெளியே வந்ததும் அண்ணை கேட்டார்: “வெட்டுப் புதுசுதானே? ஆசாரி பழைய முகம் ஏதாவதை மினுக்கித் தந்திருக்க மாட்டானே?”

“நான் நாலு தரம் போய் இருந்து பாத்தனான் அண்ணை. மூக்குச் செதுக்கினது என்ரை கண்ணுக்கு முன்னால.”

“அப்ப அதையும் லேபிள்ள எழுதியிருக்கலாமே!”

வெள்ளிக்கிழமை. பிரிட்டா இரண்டு மணிக்கு வரவில்லை. இரண்டு இருபதுக்கும் வரவில்லை. அவருடைய ரயில் நடுவழியில் நின்றுவிட்டதாக நிலானிக்குச் செய்தி வந்தது. நாங்கள் மூவரும் விமான நிலையத்து நீள வாங்கில் அமர்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம் ஸ்பெயினுக்குப் போக நின்றது. சிறுமி தாயிடம் ஏதோ திரும்பத் திரும்பக் கேட்டாள். நிலானி காதில் மொழிபெயர்த்தாள்: “கடல் அங்கேயும் உப்புத்தானா?” தாய் ஓம் என்றதும் சிறுமி ஏமாந்துபோனாள். அண்ணை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்க வைத்தார். “எத்தினை மணி?” என்று ஏழு தரம் கேட்டார்.

பிரிட்டா மூன்று பத்துக்கு ஓடிவந்தார். உள்ளே அதே அதிகாரி, அதே கண்ணாடி. சேலை மடிப்புகள் திறந்தன. பிரிட்டா முகத்தைத் திருப்பி, சிறிய விளக்கால் காதுக்குப் பின்னும் மூக்குத் துவாரத்துக்குள்ளும் தேடினார். நீண்ட நேரம். அண்ணை தன் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளிக்கொண்டார்.

“இங்கே பாருங்கள்,” என்றார் பிரிட்டா கடைசியில். முகத்தின் பின்விளிம்பில் பழைய வளையின் மேற்புறம் ஒரு விரல் அகலத்துக்கு மிஞ்சியிருந்தது, கறுத்து, வரிவரியாக. அதன் பக்கத்தில் உளி பட்ட இடம் தேன் நிறத்தில் இருந்தது. “மரம் பழையது. வெட்டு இந்த வருடத்தது. அதோடு, இதற்குக் கண்ணில்லை.”

கண்ணைப் பற்றிப் பிரிட்டாவே டேனிஷில் விளக்கினார். நிலானி எனக்குச் சொல்லச் சொல்ல, என் வார்த்தைகள் வேறு உடை போட்டுக்கொண்டு போவதைக் கேட்டேன். அதிகாரி முகத்தின் வெற்றுக் கண்களைக் குனிந்து பார்த்தார்.

“அப்படியானால் இது இன்னும் எதையும் பார்க்கவில்லை,” என்றார்.

“இல்லை,” என்றேன். “உங்களைக்கூட.”

சிரித்தார். பிரிட்டா எழுதினார், கையெழுத்து வைத்தார். அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். அதற்காகவும் அவரை மதிக்கிறேன். நாலு ஐந்துக்கு முகம் என் மடியில் இருந்தது. நிலானி சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் ஓட்டினாள். அண்ணை அதை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கோயில் வாசலில் குதிரை வாகனத்தை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து ஐம்பத்திரண்டு. தலைவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், துடைத்துக்கொண்டிருந்தவரிடம், “குதிரையை உள்ள விடு,” என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கண் திறப்பு. முகத்தைக் கழுத்துத் துளையில் பொருத்தித் திரை கட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் அப்போது இரவு ஏழரை. சிற்பாசாரி தொலைபேசித் திரையில், குளித்து விபூதி பூசி, கைகட்டி நின்றார். திறந்த கண் முதலில் நல்லதொன்றைப் பார்க்க வேண்டும், பசுவும் கன்றும் என்பது முறை. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒவ்வொரு வருடமும் உதவுவாராம். மண்டபக் கதவுக்கு நேரே ஒரு கறுப்பு வெள்ளைப் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்று அவருடைய சட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது. பசுவின் இரண்டு காதிலும் மஞ்சள் லேபிள். எண் தெளிவாக இருந்தது. எனக்கு அதன்மேல் ஒரு சகோதரப் பாசம் வந்தது.

பிரிட்டா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு காலுறையில் ஓட்டையோடு, என் பக்கத்தில் நின்றார். திரைக்குப் பின்னால் ஐயரின் குரல் ஒரு தடவை நின்றது. மேளம் எழுந்தது. திரை விலகியபோது அது எங்கள் தலைக்கு மேலால், கதவுக்கு வெளியே, பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேற்றுவரை என் சேலைக்குள் கிடந்த மரம். பிரிட்டா கைகளைக் கழுவிய பின் உலர்த்துவது போல முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார்.

எட்டரை மணிக்குச் சுவாமி ஏறினார். பௌர்ணமி நாள்; ஆனால் சூரியன் இன்னும் இறங்க மனமில்லாமல் வயலின் விளிம்பில் நின்றது. வாகனம் கார்கள் நிறுத்திய முற்றத்தைச் சுற்றி வரவேண்டும். நான்கு மூலை. அண்ணை முன் வலத் தண்டில். தோளில் துவாயை நாலாக மடித்துப் போட்டிருந்தார். முதல் மூலை வந்தது. இரண்டாம் மூலையில் அவர் உதடு வெளுத்தது. புதன்கிழமை கேலி செய்தவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்து, “அண்ணை, மாறுவமோ?” என்றார். அண்ணை மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மூன்றாம் மூலையில் அவர் மறுபடியும் கேட்டார். அண்ணை அடுத்த அடியை எடுத்து வைத்தார். கேட்டவர் விலகவில்லை. தண்டைத் தொடாமல், விழுந்தால் பிடிக்க ஒரு கையை மட்டும் கீழே வைத்தபடி கூடவே நடந்தார். செம்மஞ்சள் வெளிச்சத்தில் அந்த மிருகம் கார்களின் கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் நுழைந்து வெளியே வந்து போனது. நிலானி தகப்பனுக்கு அருகாக நடந்தாள்.

“மெதுவா, அப்பா,” என்றாள். தமிழில்.

நாலாம் மூலை. வாசல். இறக்கினார்கள். அண்ணை வாகனத்தின் முன்னங்காலில் சாய்ந்து நின்றார். வியர்வை நாடியிலிருந்து சொட்டியது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“எப்பிடி அண்ணை?”

“சரியான பாரம்,” என்றார். முகமெல்லாம் சந்தோஷம். “இலுப்பை எண்டால் சும்மாவே!”

ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணிக்கு விழித்தேன். மாத்திரையை எடுத்தேன், ஆனால் அதைப் போடவில்லை, மேசையில் வைத்தேன். முதலில் லேபிள் எழுதினேன். இனி மாரி காலத்தில் முகத்தைக் கழற்றி, ஹீட்டருக்குத் தூரமாக, ஒரு பெட்டியில் வைப்பதாக ஏற்பாடு. அந்தப் பெட்டிக்கான லேபிள். முகத்திலிருந்து உரித்தெடுத்த பழையதன் பக்கத்தில் புதியதை வைத்து, அதே நான்கு வரிகளையும், அதே அளவு எழுத்தில் எழுதினேன். பெயர், புருஷாமிருகம். மூலப்பொருள், இலுப்பை. பயன், சுவாமி வாகனம். மூன்றாவது வரியைக் கடைசிக்கு விட்டிருந்தேன். மை காய்ந்ததும் அதையும் நிரப்பினேன்.

வயது: ஒரு நாள்.